அழைத்த படை திரும்புவது எப்போது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ராணுவத்தை அழைப்பதற்கான விதி சில பத்திகளுக்கு மேல் நீளாது. ஒரு சட்டவிரோதக் கூட்டத்தைக் காவல்துறையால் கலைக்க முடியவில்லை என்றால், நிர்வாக மாஜிஸ்திரேட் ராணுவ அதிகாரியைக் கூப்பிடலாம். எப்படிக் கலைப்பது என்பதை அந்த அதிகாரி முடிவுசெய்யலாம். ஆனால் கூடியவரை குறைவான பலத்தைத்தான் கையாள வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் கூடியவரை குறைவான சேதம்தான் ஏற்பட வேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ள வழியே இல்லாதபோது அதிகாரி தாமாகவே இறங்கலாம். தொடர்பு கிடைத்தவுடன் மாஜிஸ்திரேட் சொல்வதற்குக் கட்டுப்பட வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 130, 131ஆம் பிரிவுகள் இவை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 149, 150 என்று எண் மாறியிருக்கிறது; சாரம் மாறவில்லை.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு அதன் அற்பாயுளில் இருக்கிறது. அழைத்தால் வருவது, வேலை முடிந்தால் போவது. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது தமிழ்நாட்டில் ராணுவம் இறங்கியது. போராட்டம் அடங்கியதும் திரும்பிவிட்டது. வெள்ளம், சுனாமி என்று அழைத்தபோதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ராணுவத்தின் மீது பொதுவாக ஒரு மதிப்பு இருக்கிறது என்றால், அது இங்கே வந்து தங்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தங்கிய இடங்களில் மக்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது.

தங்கச் சொன்னது வேறொரு சட்டம். அதன் மூலவடிவத்தை எழுதியவர் வைஸ்ராய் லின்லித்கோ. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை நசுக்க 1942 ஆகஸ்ட் 15 அன்று ஆயுதப்படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அவசரச் சட்டத்தை அவர் பிறப்பித்தார். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை அடைந்தது. விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் 1958இல், நாகா மலைப்பகுதியின் கிளர்ச்சியைக் காரணம் காட்டி, ஏறத்தாழ அதே சட்டத்தை இன்னும் கூர்மையாக்கி நிறைவேற்றியது. அதுதான் ஆஃப்ஸ்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். முதலில் அசாமுக்கும் மணிப்பூருக்கும் மட்டும்.

ஒரு பகுதி 'பதற்றமான பகுதி' என்று அறிவிக்கப்பட்டுவிட்டால் அங்கே மாஜிஸ்திரேட்டுக்கு வேலை இல்லை. அதிகாரிகள் மட்டுமல்ல, ஹவில்தார் நிலையில் உள்ளவர்கூட எச்சரித்துவிட்டுச் சுடலாம், மரணம் நேரும் அளவுக்கும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், வீடு புகுந்து தேடலாம், ஆயுதக் கிடங்கு என்று கருதும் கட்டடத்தைத் தகர்க்கலாம். பிடித்தவரைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. இவற்றின் பெயரில் நடந்த எதற்காகவும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்கிறது ஆறாம் பிரிவு. சுடவும் கைது செய்யவும் இடம் தரும் நாலாம் பிரிவைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். என் கணிப்பில் ஆறாம் பிரிவுதான் விஷயம். சுடும் அதிகாரம் எந்தப் போலீஸ்காரருக்கும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது, கணக்குக் கேட்பவரே இல்லாத நிலைதான் இந்தச் சட்டத்துக்கே உரியது.

ராணுவத் தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். ஒரு சிப்பாய்க்குச் சாதாரணச் சட்டத்தில் கைது செய்யவோ சோதனையிடவோ எந்த அதிகாரமும் கிடையாது. காட்டுக்குள் பதுங்கித் தாக்குபவர்களைத் தேடிப் போகும் ஒவ்வொரு ரோந்துக்கும் ஒரு மாஜிஸ்திரேட்டை உடன் அழைத்துப் போக முடியாது. 'எங்களை அனுப்புவது நீங்கள், அனுப்பினால் சட்டக் காப்பும் தாருங்கள், இல்லையென்றால் அனுப்பாதீர்கள்' என்பது அவர்களுடைய வாதம். இதில் நியாயம் இருக்கிறது. உள்துறையைக் கவனித்த ப. சிதம்பரம் இந்தச் சட்டத்தைத் திருத்த விரும்பியவர். பின்னர் நிதியமைச்சராக இருந்தபோது, 2013இல் ஒரு சொற்பொழிவில், ராணுவத்தின் இன்றைய, முன்னாள் தலைமைத் தளபதிகள் உறுதியாக எதிர்ப்பதால் அரசால் நகர முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மக்களாட்சியில் அமைச்சரவை ஒரு சட்டத்தைத் திருத்த முடியாததற்கு இப்படி ஒரு காரணம் சொல்லப்பட்டதும், அது பெரிய சலசலப்பை உண்டாக்காமல் போனதும் கவனிக்க வேண்டியவை.

மிசோரத்தின் கதையை ராணுவக் கல்லூரிகள் வெற்றிக் கதையாகச் சொல்லித்தருகின்றன. 1966 பிப்ரவரி இறுதியில் மிசோ தேசிய முன்னணி கிளர்ந்தெழுந்தது. மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை ஐஸாலின் மீது தாக்குதல் நடத்தியது. சொந்த நாட்டு ஊரொன்றின் மீது விமானப்படை குண்டு வீசியது அப்போதுதான். அடுத்த ஆண்டு கிராமங்களைக் கலைத்துச் சாலையோரக் குடியிருப்புகளில் மக்களை அடைக்கும் திட்டம் வந்தது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 1950இல் பிரிட்டிஷார் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின் நகல் அது. மிசோ கிராம மக்களில் பெரும்பாலோர் வீட்டையும் ஜூம் சாகுபடி நிலத்தையும் விட்டுப் பெயர்க்கப்பட்டார்கள். கிளர்ச்சி ஓய்ந்தது அதனால் அல்ல. இருபது ஆண்டுகள் கழித்து, 1986 ஜூன் 30 அன்று, முன்னணியின் தலைவர் லால்டெங்காவோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஓய்ந்தது. அவரே முதலமைச்சரானார். ராணுவம் அரசுக்கு வாங்கித் தந்தது கால அவகாசம். அந்த அவகாசத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை வெற்றிக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மணிப்பூரில் அரசியல் தீர்வும் வரவில்லை, ராணுவமும் போகவில்லை. 2000 நவம்பரில் மாலோம் பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் சுடப்பட்டதையடுத்து இரோம் ஷர்மிளா தொடங்கிய உண்ணாவிரதம் 2016 ஆகஸ்ட் வரை நீடித்தது. 2004 ஜூலையில் தாங்ஜம் மனோரமா அசாம் ரைபிள்ஸ் படையினரால் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, பிணமாகக் கிடைத்தார். சில நாட்களில் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் ஆடையின்றி நின்று நடத்திய போராட்டம் டெல்லியை உலுக்கியது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி ஜீவன் ரெட்டி குழு, சட்டத்தை ரத்து செய்யலாம், தேவையான பகுதிகளைச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று 2005இல் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

உச்ச நீதிமன்றம் 1997இல் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதற்றப்பகுதி அறிவிப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும், செய்யக்கூடியவை, கூடாதவை என்று ராணுவமே வைத்திருந்த பட்டியல் கட்டுப்படுத்தும் என்றும் சேர்த்துச் சொன்னது. மணிப்பூரில் 1,528 சட்டவிரோதக் கொலைகள் நடந்ததாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்குத் தொடுத்தபோது, நீதிமன்றம் நியமித்த சந்தோஷ் ஹெக்டே ஆணையம் மாதிரிக்கு ஆறு வழக்குகளை ஆராய்ந்தது. ஆறிலும் உண்மையான மோதல் நடக்கவில்லை என்றது. 2016 ஜூலையில் நீதிபதிகள் மதன் லோகூரும் யு.யு. லலித்தும் முழுமையான சட்டவிலக்கு என்று ஒன்று கிடையாது என்று தீர்ப்பெழுதினார்கள்.

தாளில் அது பெரிய தீர்ப்பு. நடைமுறைக்கு வருவோம். ஜம்மு காஷ்மீரில் 1990க்குப் பிறகு ராணுவத்தினர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு வந்த 50 கோரிக்கைகளில் 47 மறுக்கப்பட்டன, மூன்று நிலுவையில் உள்ளன என்று 2018 ஜனவரியில் அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. பத்ரிபாலில் 2000ஆம் ஆண்டு ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ராணுவம் வழக்கைத் தன் விசாரணைக்கு எடுத்துக்கொண்டு 2014இல் மூடியது. மச்சிலில் 2010இல் வேலை தருவதாக அழைத்துச் செல்லப்பட்டு மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்ட வழக்கில் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2017இல் அதை நிறுத்திவைத்தது.

நாகாலாந்தின் ஓட்டிங் சம்பவம் இந்தப் பிரச்சினை முழுவதையும் ஒரே மாலையில் காட்டியது. 2021 டிசம்பர் 4. சுரங்க வேலை முடித்து வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று எண்ணி ராணுவச் சிறப்புப் படைப்பிரிவு சுட்டது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். திரண்டுவந்த கிராமத்தாருடன் நடந்த மோதலில் மேலும் ஏழு பேர், ஒரு சிப்பாய். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். தானாக முன்வந்து வழக்குப் பதிந்த நாகாலாந்து போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் எழுதியது முக்கியமானது. வழிகாட்டியாக ஒரு போலீஸ்காரரைக்கூட அந்தப் படை உடன் வைத்திருக்கவில்லை, காவல்நிலையத்திடம் கேட்கவும் இல்லை. உள்ளூர்க் காவல்நிலையத்தில் ஒரு கான்ஸ்டபிளிடம் கேட்டிருந்தால் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் யார் வருவார்கள் என்று சொல்லியிருப்பார். 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தயாரானது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதி இல்லாததால், வழக்கு நடவடிக்கையை முடித்துவைத்தது.

ராணுவத்துக்குப் பதில் போலீஸ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதைப் படித்துவிட்டு ஒருவர் முடிவுக்கு வரலாம். பஞ்சாப் அதை அனுமதிக்காது.

1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த ப்ளூ ஸ்டார் நடவடிக்கை, போருக்குப் பழகிய படையைப் பிடிவாதமான ஒரு உள்நாட்டுச் சிக்கலுக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கான பாடம். குரு அர்ஜன் தேவின் நினைவு நாளையொட்டி யாத்ரிகர்கள் நிறைந்திருந்த நேரம். உள்ளே எத்தனை துப்பாக்கிகள், எந்த மூலையில் என்ற உளவுத் தகவல் போதவில்லை. கடைசியில் டாங்கிகள் வந்தன, அகால் தக்த் சிதைந்தது. அரசின் வெள்ளை அறிக்கைப்படியே ராணுவத்தில் 83 பேர் இறந்தார்கள். சில படைப்பிரிவுகளில் சீக்கியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அக்டோபர் 31 அன்று பிரதமர் கொல்லப்பட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே கோயிலில் ஆயுதம் ஏந்தியவர்கள் மறுபடி புகுந்தபோது, 1988 மே மாதம், தேசியப் பாதுகாப்புப் படையும் கே.பி.எஸ். கில் தலைமையிலான பஞ்சாப் போலீஸும் உள்ளே பாயவே இல்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்தார்கள். தூரத்துக் குறிபார்ப்பாளர்கள் காத்திருந்தார்கள். பத்திரிகையாளர்கள் பார்க்க அனுமதித்தார்கள். சுமார் 200 பேர் சரணடைந்தார்கள். கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை. பொறுமை என்பதும் ஒரு ஆயுதம் என்று ப்ளாக் தண்டர் என்ற இந்த நடவடிக்கை காட்டியது. பொறுமைக்கு நேரம் வேண்டும், ஊர் தெரிந்த ஆள் வேண்டும். அது போலீஸிடம் இருக்கும்.

அதே பஞ்சாப் போலீஸ்தான் அடுத்த சில ஆண்டுகளில் கிளர்ச்சியை முடித்தது. முடித்த விதத்தை மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஜஸ்வந்த் சிங் கால்ரா சுடுகாட்டுப் பதிவேடுகளிலிருந்து தோண்டி எடுத்தார். அமிர்தசரஸ் மாவட்டத்தில் மட்டும் 2,097 உடல்கள் சட்டவிரோதமாக எரிக்கப்பட்டதை சிபிஐ விசாரணை பின்னர் உறுதிசெய்தது. கால்ரா 1995 செப்டம்பரில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ்காரர்கள் தண்டனை பெற்றார்கள். ஆஃப்ஸ்பாவின் காப்பு இல்லாமலேயே கணக்குக் கேட்கப்படாத ஒரு படையை உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிரிட்டனின் அனுபவம் நமக்கு நெருக்கமானது, ஏனென்றால் நம்முடைய விதிகளை எழுதியவர்களே தங்கள் விதிகளைத் தங்கள் நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். 1969 ஆகஸ்டில் வட அயர்லாந்து வீதிகளில் ராணுவம் இறங்கியபோது கத்தோலிக்கக் குடும்பங்கள் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்தன. புராட்டஸ்டண்ட் கும்பல்களிடமிருந்து காக்க வந்தவர்கள் என்று நம்பினார்கள். 1970 ஜூலையில் பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் பகுதியில் ஊரடங்கு போட்டு வீடு வீடாகச் சோதனை. 1971 ஆகஸ்டில் விசாரணை இல்லாமல் காவலில் வைக்கும் திட்டம். பட்டியல் பழசு, பிடிபட்டவர்களில் பலருக்கு ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவோடு சம்பந்தமே இல்லை. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் பாராசூட் படையினர் ஊர்வலத்தில் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்னொருவர் பின்னர் இறந்தார். ஐ.ஆர்.ஏ.வுக்கு இளைஞர்கள் வரிசையில் சேர்ந்தார்கள். தேநீரிலிருந்து இங்கே வருவதற்கு மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை.

எழுபதுகளின் நடுவில் லண்டன் ஒரு முடிவெடுத்தது. முன்னணியில் போலீஸ், பின்னணியில் ராணுவம். ஆனால் அந்தப் போலீஸ் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் போலீஸ். ராணுவத்தைப் பின்னுக்கு நகர்த்தினால் போதாது, முன்னுக்கு வருபவரை மக்கள் தங்களுடையவராகப் பார்க்க வேண்டும் என்பது புரிய இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு பேட்டன் ஆணையம் போலீஸையே கலைத்துக் கட்டச் சொன்னது. 2001இல் புதுப் பெயரில் வந்த படையில் பாதிப் பணியிடங்கள் கத்தோலிக்கர்களுக்கு என்று ஆட்சேர்ப்பு நடந்தது. ராணுவ நடவடிக்கை 2007 ஜூலை 31 அன்று முடிந்தது. டெர்ரி கொலைகளை 12 ஆண்டுகள் விசாரித்த சாவில் அறிக்கை 2010இல் வெளியாக, பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஜாலியன்வாலா பாக்குக்கு இன்றுவரை வருத்தம் மட்டும்தான்.

பயங்கரவாதத் தாக்குதல் வேறு வகை. அது பல ஆண்டுக் கிளர்ச்சி அல்ல, சில மணி நேரப் போர். இங்கே ராணுவத்தின் பயிற்சியும் ஆயுதமும் தேவை என்பதில் விவாதம் இல்லை. யாரிடம், எத்தனை நிமிடத்தில் என்பதுதான் கேள்வி. 1972இல் மியூனிக்கில் பயிற்சியில்லாத போலீஸை வைத்து நடத்திய மீட்பு முயற்சி படுதோல்வியில் முடிந்தது. அந்தத் தாக்குதலில் மொத்தம் 11 இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். ஹிட்லரின் நினைவு இருந்ததால் ஜெர்மனி வேலையை ராணுவத்திடம் கொடுக்கவில்லை. எல்லைக் காவலில் ஜி.எஸ்.ஜி.9 என்ற போலீஸ் அதிரடிப் பிரிவை உருவாக்கியது. ஐந்தே ஆண்டில் மொகதிஷுவில் கடத்தப்பட்ட விமானத்திலிருந்து 86 பயணிகளை அது மீட்டது.

நாம் 1984இல் தேசியப் பாதுகாப்புப் படையை உருவாக்கினோம். தாக்கும் பிரிவில் ராணுவ வீரர்கள், நிர்வாகம் உள்துறையிடம்: நல்ல கலப்பு. 2008 நவம்பர் 26 இரவு மும்பை எரிந்தபோது அந்தப் படை டெல்லி அருகே இருந்தது, அதற்கு விமானம் கிடைப்பதில் தாமதம். கமாண்டோக்கள் களத்தில் இறங்கியது மறுநாள் காலை. பத்துத் தாக்குதல்காரர்களில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஒருவனான கசாபைப் பிடித்தவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே. கையில் லத்தி மட்டும் இருந்தது, கசாபின் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டு உயிரை விட்டார். பாரிஸில் 2015 நவம்பரில் பட்டாக்லான் அரங்குக்கு வெளியே காவலில் இருந்த சிப்பாய்களுக்கு உள்ளே போக உத்தரவு வரவில்லை. கைத்துப்பாக்கியோடு முதலில் நுழைந்தவர் ஒரு போலீஸ் அதிகாரிதான். அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே பிரான்ஸ் வீதிகளில் பத்தாயிரம் சிப்பாய்களை நிறுத்தியிருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது தெம்பு தந்திருக்கலாம்.

மும்பைக்குப் பிறகு சென்னை உட்பட நான்கு நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படை மையங்கள் வந்தன, மகாராஷ்டிரா ஃபோர்ஸ் ஒன் அமைத்தது. முதல் முப்பது நிமிடம் இன்றும் அந்தந்த ஊர்க் காவல்நிலையத்தின் கையில்தான். அங்கே என்ன சீர்திருத்தம் நடந்தது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஏழு கட்டளைகளை மாநில அரசுகள் எப்படிச் சுற்றிவளைத்துத் தவிர்த்தன என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

ஒரே ஒரு இடத்தில் ராணுவமே 'வேண்டாம்' என்றது. 2010 ஏப்ரல் 6 அன்று தந்தேவாடாவில் மாவோயிஸ்டுகள் 76 பேரைக் கொன்றபோது ராணுவத்தை இறக்கச் சொல்லி எழுந்த குரல்களுக்கு ராணுவத் தலைமை இணங்கவில்லை. பயிற்சி தருகிறோம், சண்டையை நீங்களே செய்யுங்கள் என்றது. ஆந்திராவில் 1989இல் ஐ.பி.எஸ். அதிகாரி கே.எஸ். வியாஸ் உருவாக்கிய கிரேஹவுண்ட்ஸ் படை அந்த வழி சாத்தியம் என்று முன்பே காட்டியிருந்தது. ஓய்வுபெற்ற பிரிகேடியர் பி.கே. பொன்வார் காங்கேரில் நடத்திய காட்டுப்போர்க் கல்லூரியில் ஆயிரக்கணக்கான போலீஸார் பயின்றார்கள். மாவோயிஸ்டுகளின் சரிவில் இதற்குப் பங்கு உண்டு. கூடவே சல்வா ஜுடும் என்று சாதாரண ஆதிவாசிகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்த அவலமும் நடந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. ஆனாலும் தந்தேவாடா உள்ள பஸ்தர் பகுதியில் ராணுவம் இல்லை, ஆஃப்ஸ்பா இல்லை. ஒரு முகாமை எடுக்கச் சொல்லி அரசியல்வாதிகள் நாளை ராணுவத் தளபதியிடம் மன்றாட வேண்டியிருக்காது.

இலங்கையில் அந்த மன்றாட்டு இன்னும் முடியவில்லை. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிடும்படி பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். ஆறு மாதக் கெடு முப்பது ஆண்டுப் போராயிற்று. 2009இல் போர் முடிந்தும் வலிகாமத்திலும் கேப்பாப்பிலவிலும் காணிகளுக்காக மக்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. 2013 ஆகஸ்டில் தெற்கே வெலிவேரியவில் குடிநீருக்காகத் தெருவில் இறங்கிய சிங்கள மக்கள் மீதும் அதே ராணுவம் சுட்டது. 2019 உயிர்த்த ஞாயிறன்று 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது பற்றாக்குறையாக இருந்தது சிப்பாய்கள் அல்ல. முன்கூட்டியே வந்த உளவு எச்சரிக்கையை எடுத்துச் செயல்பட ஆளில்லை. 2023 ஜனவரியில், பொருளாதாரம் சரிந்த பிறகு, ராணுவத்தை இரண்டு லட்சத்திலிருந்து 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக கொழும்பு அறிவித்தது. மனித உரிமை அறிக்கைகளால் ஆகாததைக் காலியான கஜானா தொடங்கிவைத்தது.

ராணுவம் திரும்பிப்போன இடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று முன்கூட்டியே நடந்திருக்கிறது: யாரோடு பேச வேண்டுமோ அவரோடு பேசியிருக்கிறார்கள், அல்லது உள்ளூர்ப் போலீஸைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். திரிபுரா இரண்டாவது வழியில் போனது. மாநிலத்தின் சொந்தப் படையை முன்னிறுத்தி, கிளர்ச்சி தணிந்தபின் 2015 மேயில் மாணிக் சர்க்கார் அரசு ஆஃப்ஸ்பாவை விலக்கிக்கொண்டது.

மணிப்பூரில் 2022இல் பள்ளத்தாக்கின் பல காவல்நிலைய எல்லைகளில் ஆஃப்ஸ்பா நீக்கப்பட்டபோது, அங்கேயும் அதுதான் நடக்கப்போகிறது என்று பலர் நம்பினார்கள். 2023 மே மாதம் மெய்தேய், குக்கி மக்களிடையே வன்முறை வெடித்ததும் போலீஸும் இனவாரியாகப் பிளந்தது. போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கொள்ளைபோயின. பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் நடுவே ராணுவமும் அசாம் ரைபிள்ஸும் நின்றன. அசாம் ரைபிள்ஸ் தங்களைத் தடுத்ததாக மணிப்பூர் போலீஸே அந்தப் படையின் மீது வழக்குப் பதிந்தது. காங்லா வாசலில் தாய்மார்கள் எந்தப் படையை வெளியே போகச் சொன்னார்களோ, அதே படையைப் போகவிடாதீர்கள் என்று மலையிலிருந்து குக்கி அமைப்புகள் கேட்டன. பள்ளத்தாக்கு அதை வெளியேற்றச் சொன்னது. 2024 நவம்பரில் ஜிரிபாம் உட்பட ஆறு காவல்நிலைய எல்லைகளில் ஆஃப்ஸ்பா திரும்பவும் அமலுக்கு வந்தது. அங்கே ராணுவம் வேண்டுமா என்று கேட்பவர் முதலில், அந்த ஆறு காவல்நிலையங்களில் இரு தரப்பும் போய்ப் புகார் கொடுக்கக்கூடிய ஒரு ஆய்வாளரை எப்போது நியமிக்கப்போகிறோம் என்று கேட்டாக வேண்டும்.